பதினொரு பள்ளங்கள்

கன்னடத்தில் ‘ஹள்ள’ என்று ஒரு சொல் உண்டு. அதை நான் பதினொரு இடங்களில் தவறாக மொழிபெயர்த்து, அரசாங்கப் பட்டியலில் ஏற்றி, ஏழு வருடம் அது தவறு என்று தெரியாமலே சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறேன். எங்கள் ஓய்வூதியர் மலருக்குச் சுவையான அலுவலக அனுபவங்கள் நான்கைந்து எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். முப்பத்து நான்கு வருட வேலையில் சுவையானவை என்று எண்ணிப் பார்த்தால் ஐந்து தேறுகின்றன. அவற்றை வேறு யாராவது எழுதட்டும். எனக்கு எழுத வேண்டியது இந்த ஒன்றுதான்.

நான் திருப்பத்தூர்ப் பக்கம். பாலிடெக்னிக் முடித்து, அறுபத்தெட்டில் பெங்களூர் வந்து, நகர அமைப்பு வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் படம் வரைபவனாகச் சேர்ந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். இரண்டு வருடம் மைப்பேனா, ஒரு வருடம் வெயிலில் சங்கிலி பிடித்து அளப்பது, பிறகு மேஜை. பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

கன்னடம் கற்றது மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெங்களூர் வந்த தமிழர்களுக்கு அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நம்முடைய ‘ப’வை எடுத்துவிட்டு ‘ஹ’ போட வேண்டும். பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு. நான் ஒரு நோட்டில் இப்படி நூற்றுப் பதினாறு சொற்கள் எழுதி வைத்திருந்தேன். எண்பத்து மூன்றாவது, பள்ளம் – ஹள்ள. அதில் சந்தேகம் வர வழியே இல்லை. எந்த ஆட்டோவில் ஏறினாலும் ரோட்டுக் குழியில் சக்கரம் இறங்கும்போது ஓட்டுநர் ‘ஹள்ள, ஹள்ள’ என்றுதான் திட்டுவார்.

தொண்ணூற்றொன்றில் எங்களிடம் ஒரு பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். நகரத்தின் ஓரத்துக் கிராமங்கள் லேஅவுட்டுகளாக மாறிக்கொண்டிருந்த நேரம். தண்ணீர் போகும் வழிகளில் வீடு கட்டாமல் தடுக்க விதிகள் எழுதினார்கள். விதி சுருக்கமானது. ஓடும் தண்ணீர் என்றால் அதன் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை கட்டக்கூடாது. வெறும் பள்ளம் என்றால் ரோடு மட்டத்துக்கு மண் அடித்து நிரப்பிவிட்டுக் கட்டலாம். எது ஓடுவது, எது தேங்குவது என்று பழைய கிராம வரைபடங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் பட்டியல் எழுதுவது என் வேலை. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பதிவுகள்.

எனக்கு மேலதிகாரி ரங்கப்பா. உதவி இயக்குநர். ஹாசன் பக்கத்துக்காரர். ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு. வரைபடத்தை விரித்துவிட்டால் உட்கார மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் படத்தின் ஒரு மூலையில் பாரமாக வைப்பார். மற்ற மூன்று மூலைகளுக்கு மைக்கூடு, பஞ்ச், என் டிபன் பாக்ஸ். பேச்சு அதிகம் இல்லை. எந்தச் சொல்லைப் பார்த்தாலும் “அந்த்ரே ஏன்ரீ?” என்பார். அப்படியென்றால் என்னய்யா என்று அர்த்தம். ஒரு முறை ஆங்கிலத்தில் ‘நியர் தி லேக்’ என்று எழுதிவிட்டேன். “நியர் அந்த்ரே ஏன்ரீ, மூர்த்தி? எஷ்டு அடி? நிம்ம மனே நியரா, நம்ம மனே நியரா?” என்று, எத்தனை அடி, யார் வீட்டு அருகில் என்று கேட்டு, என்னை பஸ்ஸில் அனுப்பி அளந்துவரச் சொன்னார். எழுபத்திரண்டு அடி இருந்தது.

அவர் சரிபார்க்கும் முறையை இன்று வேலைக்கு வருகிறவர்கள் அறிய மாட்டார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒருவர் வரைபடத்தில் உள்ள கன்னடச் சொல்லையும் சர்வே நம்பரையும் உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர் பட்டியலில் உள்ள ஆங்கிலச் சொல்லைப் படிக்க வேண்டும். ரங்கப்பா நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இரண்டும் பொருந்தினால் “ஹூம்”. உடனே சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். பத்துப் பதிவு முடிந்ததும் படிப்பவர்கள் இடம் மாற வேண்டும், ஏனென்றால் பத்துக்கு மேல் கண் தூங்கிக்கொண்டே படிக்கும் என்பார். இப்படியே இருநூற்று மூன்று பதிவுகள் முடித்தோம்.

மீதி பதினொன்று இருக்கும்போது ரங்கப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் வரவில்லை. அதே சமயம் நதிநீர் விவகாரத்தில் ஊர் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி. மேலிடம் பட்டியலைக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பியது. அந்தப் பதினொரு தாள்களும் மிகப் பழையவை. கரப்பான் அரித்து, நீலக் கோடுகள் மங்கிப்போய், ஒவ்வொரு தாளிலும் சிறிது புள்ளிக்கோடும் பக்கத்தில் ‘ஹள்ள’ என்ற சொல்லும் மட்டும் தெளிவாக இருந்தன. மற்ற தாள்களில் ‘காலுவே’ என்று இருந்தது. அது கால்வாய், எனக்குத் தெரியும். ஹள்ள எனக்குத் தெரிந்த எண்பத்து மூன்றாவது சொல். பள்ளம், ஆங்கிலத்தில் ‘பிட்’, என்று பதினொரு முறை எழுதினேன்.

அடுத்த மேஜைக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபத்து மூன்று வருடமாக என் கன்னடத்தில் யாரும் தமிழைக் கண்டுபிடித்ததில்லை என்ற கர்வம் ஒன்று. அந்த வாரத்தில் ஒரு தமிழன் கன்னடச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டு நிற்பதில் இருந்த பயம் இன்னொன்று. கேட்கவில்லை.

சரிபார்க்க ஆள் இல்லாததால் இரண்டு பக்கத்தையும் நானே படித்தேன். இந்தப் பக்கம் நின்று “ஹள்ள” என்பேன். அந்தப் பக்கம் போய் “பிட்” என்பேன். “ஹூம்” என்றும் நானே சொல்லி, அவருடைய பென்சிலால் நானே டிக் போட்டேன். பத்து முடிந்ததும் விதிப்படி இடம் மாறிப் பதினொன்றாவதைப் படித்தேன். ரங்கப்பா திரும்பி வந்து டிக்குகளைப் பார்த்துவிட்டு, “எல்லா ஓதிதிரா?” என்று, எல்லாம் படித்தீர்களா என்று கேட்டார். படித்தேன் சார் என்றேன். அது பொய்யில்லை. கையெழுத்துப் போட்டார்.

தொண்ணூற்றைந்தில் மெர்சி டீச்சர் வந்தார். லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு. ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவர் ஓர் அச்சகத்தில் வேலை. இரண்டு பெண்கள். தென்கிழக்கு ஓரத்தில் புதிதாகப் போட்ட ஒரு லேஅவுட்டில் பதினேழாம் நம்பர் சைட்டை வாங்கப் போகிறார்கள். முப்பதுக்கு நாற்பது. நாற்பத்தாறு படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். என் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“தமிழா சார்? ஸ்தோத்திரம். இனி நிம்மதியாப் பேசலாம்.”

“சொல்லுங்கம்மா.”

“பேப்பர் எல்லாம் வக்கீல் பாத்துட்டாரு. தண்ணி வருமா வராதான்னு மட்டும் நீங்க சொல்லுங்க. அது வக்கீலுக்குத் தெரியாதில்ல?”

பட்டியலை எடுத்து விரலை ஓட்டினேன். இருநூற்றொன்பதாவது பதிவு.

“பள்ளம்தாம்மா. மழையில கொஞ்சம் தேங்கும். ரோடு மட்டத்துக்கு மண்ணு அடிச்சுட்டுக் கட்டுங்க.”

“ஓடற தண்ணி இல்லியே சார்?”

“இல்லம்மா.”

இதே வார்த்தைகளில்தான் கேட்டார். இதே வார்த்தையில்தான் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருடம் புதுமனை புகுவிழாவுக்குப் பத்திரிகை கூடத் தபாலில் வந்தது. நான் போகவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஓர் அக்டோபர் மாலை மூன்று மணி நேரம் மழை கொட்டியது. மறுநாள் காலை தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று அளந்துவர என்னை அந்த லேஅவுட்டுக்கு அனுப்பினார்கள். சுவரில் சேறு விட்ட கோட்டுக்குப் பக்கத்தில் சாக்பீஸால் அடி அங்குலம் எழுத வேண்டும். முப்பத்தெட்டு வீடுகள். ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்கினேன். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. இன்னொன்றில் சோபா கதவில் சிக்கிக்கொண்டு வெளியே வரவும் முடியாமல் உள்ளே போகவும் முடியாமல் நின்றது. பதினேழாம் வீட்டு வாசலில் துணிக்கொடி கட்டி, அதில் கிளிப் போட்டுப் பரீட்சைத் தாள்களைக் காயவைத்திருந்தார்கள். எண்ணினேன், நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றிலும் எழுத்து இல்லை. மை எல்லாம் போய்விட்டது.

மெர்சி டீச்சர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கையில் துடைப்பம். கோபித்தால் தாங்கியிருப்பேன். கோபிக்கவில்லை.

“பள்ளம்னீங்களே சார்.”

நான் டேப்பை இழுத்தேன்.

“வாசல்ல வந்துச்சு, பின்வாசல்ல போச்சு. ரோட்ல போற மாதிரி போச்சு. பொண்ணுங்கள மேஜை மேல ஏத்தி விட்டுட்டு நானும் அவரும் கதவப் புடிச்சிக்கிட்டு நின்னோம். பின்செவுரு அப்படியே வெளிப்பக்கமா விழுந்திடுச்சு. தேங்கற தண்ணி எங்கயாவது போகுமா சார்? நான் கணக்கு டீச்சர்தான், சயின்ஸ் தெரியாது. நீங்களே சொல்லுங்க.”

முன்வாசலில் அளந்தேன். நாலடி மூன்றங்குலம். பின்வாசலில் அளந்தேன். நாலடி. மறுபடி அளந்தேன். அதேதான். தேங்கிய தண்ணீருக்கு எங்கே அளந்தாலும் ஒரே மட்டம்தான் இருக்க வேண்டும். மூன்றங்குலச் சரிவு இருந்தால் அது ஓடும் தண்ணீர். இரண்டு எண்களையும் சாக்பீஸால் சுவரில் எழுதினேன். மீதி இருபத்தோரு வீடுகளையும் எப்படி அளந்து முடித்தேன் என்று நினைவில்லை.

அலுவலகம் திரும்பி அந்தப் பதினொரு பழைய தாள்களையும் எடுத்தேன். மேஜை போதவில்லை. தரையில் ஓரத்தோடு ஓரம் சேர்த்து விரித்தேன். அதுவரை அவற்றைத் தனித்தனியாகத்தான் பார்த்திருந்தேன். ஒரு தாளில் முடிந்த புள்ளிக்கோடு அடுத்த தாளில் அதே இடத்தில் தொடங்கியது. பதினொரு ‘ஹள்ள’வும் கிழக்குப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாக, வளைந்து வளைந்து, அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை போயின. எத்தனை என்று எண்ணி எழுதியவன் நான். அவை ஒரே வரிசை என்பதைப் பார்க்கவில்லை. எந்த ஊரில் பதினொரு குழிகள் வரிசையாக ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு போகும்?

ரங்கப்பா கதவருகே வந்து நின்றார். தரையைப் பார்த்தார். பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

“ஹள்ள அந்த்ரே ஏன்ரீ?”

“பிட், சார்.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ரோடல்லி ஹள்ள அந்த்ரே பிட். மேப்பல்லி ஹள்ள அந்த்ரே ஹரியோ நீரு.” ரோட்டில் அது குழி, வரைபடத்தில் அது ஓடும் தண்ணீர்.

நான் அந்தத் தாள்களின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். “எனக்குத் தெரியல சார்” என்று தமிழில் சொன்னேன். அவரிடம் முதல் முறையாக. அவரும் முதல் முறையாக என்னிடம் தமிழில் பேசினார். அவருக்குத் தமிழ் வரும் என்பதே எனக்குத் தெரியாது.

“கையெழுத்து என்னுது. தப்பு முதல்ல என்னுது, அப்புறம் உன்னுது. அப்படியே எழுது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே மூர்த்தி, ஒரு வார்த்தை.”

மறுநாளிலிருந்து இருநூற்றுப் பதினான்கையும் முதலிலிருந்து படித்தோம். இரண்டரை நாள். அவர் உட்காரவில்லை. வேறு தவறு இல்லை. நான்கு பக்கக் குறிப்பில் அவர் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. அதன் பிறகு நான்காவது மாதம் அவர் ஓய்வு பெற்றார்.

மேலிடம் விதிகளைத் திருத்த ஒப்புக்கொண்டது. பதினொரு பள்ளங்களும் ஓர் ஓடை ஆகும். ஓடையில் வரும் காலி சைட்டில் இனிக் கட்ட முடியாது. ஏற்கெனவே கட்டிய வீடென்றால் கீழ்த்தளச் சுவர்களை எடுத்துவிட்டுத் தூண்களை மட்டும் விட்டு, மாடியில் குடியிருக்க வேண்டும். வரைவு வெளியாயிற்று. ஆட்சேபம் சொல்ல முப்பது நாள். நாங்கள் வயல்காரர்கள்தான் கத்துவார்கள் என்று நினைத்தோம். அவர்கள் ஒருவர்கூட வரவில்லை. தண்ணீர் எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியும். லேஅவுட்காரர்கள் வந்தார்கள்.

முன்னால் நின்றவர் நாகராஜ். ஹார்டுவேர் கடைக்காரர், ஒன்பதாம் நம்பர் வீடு. பெங்களூரிலேயே, தமிழர்கள் நிறைந்த நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவர்.

“என்னா சார், நேத்து வரைக்கும் பள்ளம், இன்னிக்கி ஆறா? உங்க டிக்ஷனரி மாறுச்சுன்னா எங்க வீடு முழுகணுமா?”

“வீடு ஏற்கெனவே முழுகிடுச்சேப்பா.”

“அது மழை சார். வரும், போவும். நீங்க எழுதறது பர்மனென்ட். ஓடையில இருக்குன்னு எழுதிட்டா எவன் வாங்குவான், எந்த பேங்க்ல லோன் குடுப்பான்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க.”

முப்பத்தேழு வீட்டுக்காரர்களும், காலி சைட்டுக்காரர்கள் ஆறு பேரும் ஆட்சேப மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதினேழாம் நம்பர் மட்டும் இல்லை.

விசாரணை நாளில் கூட்டம் ஹாலை நிறைத்தது. நாகராஜ் பேசி முடித்ததும் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து மெர்சி டீச்சர் எழுந்தார். வகுப்பில் பேசுவது போல நிதானமாகப் பேசினார்.

“பதினேழாம் நம்பர் வீடு ஓடையிலதான் இருக்கு. அப்படியே எழுதுங்க.”

“டீச்சர், உக்காருங்க டீச்சர்” என்றார் நாகராஜ். “நாளைக்கி விக்க முடியாது உங்களால.”

“யாருக்கு அண்ணா விக்கறது? வாங்க வர்றவங்க தண்ணி வருமான்னு கேப்பாங்க. இந்த சார் எனக்குச் சொன்னத நான் அவங்களுக்குச் சொல்லணுமா?”

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மேலே ஒன்பது விசிறிகள் இருந்தன. நான்கு ஓடின. அதை மட்டும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து, அந்த அம்மா சொல்வது உண்மை, தவறாக எழுதியவன் நான், இது ஓடை, முப்பத்தெட்டு வீடும் ஓடையில்தான் இருக்கின்றன என்று சொன்னேன். மேடையில் இருந்தவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஆட்சேபம் வந்த இடங்களை விட்டுவிடலாம், வராத இடங்களைச் சேர்க்கலாம். வரைய வேண்டியது நான். நீலக் கோடு மேற்கிலிருந்து வயல்கள் வழியாக வருகிறது. லேஅவுட்டின் சுற்றுச்சுவரைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. உள்ளே பதினேழாம் நம்பர் சைட்டில் திடீரென்று தோன்றி நாற்பது அடி நீளத்துக்கு ஓடுகிறது. மறுபடி காணாமல் போகிறது. கிழக்குச் சுவருக்கு அப்பால் மீண்டும் கிளம்புகிறது. வரைந்து முடித்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வீட்டுக்குள் மட்டும் ஓடும் ஓடையை நான் அதற்கு முன் வரைந்ததில்லை. “அந்த்ரே ஏன்ரீ?” என்று கேட்க அறையில் யாரும் இல்லை. முத்திரை வைத்து அனுப்பினேன்.

டீச்சர் விதிப்படி செய்தார். கீழ்த்தளச் சுவர்களை இடித்தார்கள். எட்டுத் தூண்கள். மாடியில் இரண்டு அறை, சமையலறை. பைபிளில் பெருவெள்ளத்துக்கு முன் கப்பல் கட்டி விலங்குகளை ஏற்றியவரின் பெயரால், தெருவில் அவருக்கு நோவா டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாகராஜ் போகிற போக்கில், “டீச்சர், ஜோடி ஜோடியா எப்ப ஏத்தப் போறீங்க?” என்பாராம். “உங்க வீட்டு ஆடு இருந்தா முதல்ல அனுப்புங்க அண்ணா” என்பாராம் டீச்சர். காலி சைட்டுக்காரர்கள் ஆறு பேரும் மண் அடித்து நிரப்பிச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். பட்டியலின்படி அவை பள்ளங்கள். நிரப்பலாம்.

நான் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தபோது மறுபடி ஒரு மழை. மறுநாள் காலை டேப்பும் சாக்பீஸுமாகப் போனேன். ரோடு முழங்கால் அளவு சேறு. வீடுகளுக்குள் ராத்திரி ஜன்னல் விளிம்பு வரை ஏறி நின்ற தண்ணீர் இன்னும் முழுதும் வடியவில்லை. காலி சைட்டுகளின் புதுச்சுவர்கள் அதைப் போகவிடவில்லை. டீச்சர் வீட்டுத் தூண்களுக்கு நடுவில் மட்டும் அது வழி கிடைத்த சந்தோஷத்தில் சலசலவென்று ஓடியது. தூணில் கோட்டை அளந்தேன். நாலடி ஒன்பதங்குலம்.

நிமிர்ந்து பார்த்தேன். மாடிப்படி முழுக்க ஆட்கள். மாடியிலும் ஆட்கள். குழந்தைகள், தலையணைகள், ஒரு டிவி, உண்மையாகவே இரண்டு ஆடுகள். மூன்று முறை எண்ணினேன். அறுபத்து நான்கு பேர். ஐந்தாம் படியில் நாகராஜ், பக்கத்தில் போர்வைக்குள் அவருடைய அம்மா. அவர் கையில் டீச்சர் வீட்டு டம்ளரில் காபி.

“சார்” என்றார். “எங்க வீட்டையும் ஹள்ளத்துல சேத்துடுங்க. முப்பத்தேழு பேரும் சைன் போடறோம். இப்பவே போடறோம்.”

“முப்பது நாள் எப்பவோ முடிஞ்சிடுச்சேப்பா. இனி விதியத் திருத்தினாத்தான்.”

“அது எப்ப சார்?”

“தெரியாது.”

மேலேயிருந்து டீச்சர் எட்டிப் பார்த்து, “சார், சேத்துல நிக்காதீங்க, மேல வாங்க” என்றார். நான் கீழேயே நின்று பையைத் திறந்தேன். அதில் பட்டியல் இருந்தது. முத்திரை வைத்த பட்டியல், என் கையால் வரைந்த படத்தோடு. அதன்படி, அங்கே உலர்ந்த துணியோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த அறுபத்து நான்கு பேரும் ஓடைக்குள் இருந்தார்கள். ஜன்னல் வரை தண்ணீர் நின்ற அந்த முப்பத்தேழு வீடுகளும் கட்டத் தகுந்த நிலத்தில் இருந்தன.